இடி விழுந்தாலும் கேட்காத ஹெட்போன்

இனிமேல் இந்த வீட்டில் என் காதில் எது விழலாம், எது விழக்கூடாது என்பதை நான்தான் தீர்மானிப்பேன்! இந்த முடிவை நான் மிகத் துணிச்சலாக, உரத்த குரலில் அறிவித்தேன். குளியலறைக்குள். குழாயைத் திறந்துவிட்டு.

"உள்ள யாரோட பேசிட்டிருக்கீங்க?" வெளியிலிருந்து மனைவியின் குரல்.

"பாடறேம்மா."

"பாட்டா அது? சரி சரி, சோப்பு தீர்ந்துபோச்சான்னு பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். தீர்ந்துபோயிருந்தது. புரட்சியை ஒத்திவைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினேன்.

நான் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். ஏற்ற இறக்கம் நிறைந்த உத்தியோகம். மாடிமாடியாகப் போய் கயிறு சரியா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவேன். லிஃப்டில் ஒரு பக்கம் ஆள் ஏறும் பெட்டி, இன்னொரு பக்கம் அதற்கு ஈடாக ஒரு எடைக்கட்டி. பெட்டி மேலே போனால் கட்டி கீழே வரும். எங்கள் வீட்டில் பெட்டி யார், கட்டி யார் என்று நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமா?

என் மனைவி புத்தகங்களைக் குரலில் பதிவு செய்கிறவள். கண்ணால் படிக்கச் சோம்பலாக இருக்கிறவர்கள் காதால் படிப்பதற்காக. அவளுக்கென்று ஒலிப்பதிவு அறை கிடையாது. படுக்கையறைத் துணி அலமாரிக்குள் ஒரு ஸ்டூல், ஒரு மைக், சுற்றிலும் தொங்கும் துணிகள். துணி எதிரொலியை உறிஞ்சிவிடுமாம். அலமாரிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து கிழவனாக இருமுவாள், குழந்தையாகச் சிணுங்குவாள், வில்லனாகச் சிரிப்பாள். முதல் தடவை வீட்டுக்கு வந்த எரிவாயுக்காரர், அலமாரியிலிருந்து "என்னைக் கொன்னுடாதே!" என்று குரல் வந்ததும் சிலிண்டரை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடினார்.

மகள் கல்லூரியில் முதல் வருடம். அதாவது, கல்லூரிக்குப் போகாத நேரத்தில் கம்ப்யூட்டரில் ஒரு கோஷ்டியோடு சேர்ந்து சண்டை போடும் விளையாட்டு விளையாடுகிறவள். "பின்னாடி பாரு! சுடு! ஐயோ, நான் செத்தேன்!" என்று அவள் போடுகிற கூச்சலில் எனக்கு நிஜமாகவே இரண்டு தடவை நெஞ்சு நின்று திரும்ப ஓடியிருக்கிறது.

இந்த இருவருக்கும் நடுவே எனக்கென்று ஒரு சொர்க்கம் உண்டு. வீட்டின் கோடியில், தெருச் சத்தம் எட்டாத ஒரு சின்ன அறை. 'ஆபீஸ் ரூம்' என்று பெயர். அதில் சக்கரம் வைத்த ஒரு சாய்வு நாற்காலி. விடுமுறை நாளில் மதியச் சாப்பாடு ஆனதும் உள்ளே போய் 'ரிப்போர்ட் எழுதுவேன்'. என் ரிப்போர்ட்டின் குறட்டைச் சத்தம் ஹால் வரைக்கும் கேட்கும் என்பார்கள்.

அந்தச் சொர்க்கத்துக்குத்தான் ஆபத்து வந்தது.

மனைவிக்கு முதல் தடவையாக ஒரு முழு நாவல் கிடைத்திருந்தது. பெரிய நாவல். மாதிரிக்கு ஒரு அத்தியாயம் பதிந்து அனுப்பினாள். பதிப்பகத்து அம்மாள் கூப்பிட்டு, "குரல் அருமை. ஆனா பின்னணியில ஹேங்கர் ஆடற சத்தம் வருது. நல்ல அறை பாத்துக்குங்க. இல்லன்னா வேற ஆளைத்தான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து என் மனைவி என் அறையின் சுவரைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். நடுவில் நின்று கையைத் தட்டினாள். கண்ணை மூடிக் கேட்டாள். லிஃப்டை நான் எப்படிப் பரிசோதிப்பேனோ அப்படி.

"என்னங்க, உங்க ரூம் விஷயமா ஒண்ணு கேக்கணும்."

"இப்ப அவசரமா வெளிய போறேனே!"

"எங்க?"

அது எனக்கே தெரியாது. படியிறங்கிவிட்டேன்.

முடியாது என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சரி என்று சொல்ல மனசு இல்லை. ஆகவே கேள்வியே என்னை வந்து சேராமல் பார்த்துக்கொள்வது என்று முடிவெடுத்தேன்.

இதற்கு வழி சொன்னவர் எதிர்வீட்டுப் பல் டாக்டர். அவரும் என் ஜாதிதான். மனைவிக்குப் பயந்த ஜாதி. குப்பைக் கூடையோடு மாடிப்படியில் சந்தித்துக்கொள்வோம். எங்கள் மாநாடுகள் எல்லாம் அங்கேதான்.

"கிளினிக்ல நான் கேள்வி கேப்பேன், அவங்களால பதில் சொல்ல முடியாது. வாய்க்குள்ள என் கை இருக்கும்" என்றார் டாக்டர். "வீட்ல அவ கேள்வி கேப்பா, என்னால பதில் சொல்ல முடியாது. வாய் காலியாத்தான் இருக்கும்."

"என் பிரச்சினைக்கு வழி சொல்லுங்க டாக்டர்."

"காதை அடைச்சிடுங்க. நல்ல பெரிய ஹெட்போனா வாங்கி மாட்டிக்குங்க. சங்கீதத்துல திடீர்னு ஆசை வந்துட்டதா சொல்லுங்க. கேக்காத கேள்விக்கு யாராவது பதில் எதிர்பார்ப்பாங்களா?"

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. நடுவில் இரண்டு குப்பைக் கூடைகள் இருந்ததால் விட்டுவிட்டேன்.

காலமும் கைகொடுத்தது. வீட்டில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஒரு பழைய ஹெட்போன் இருந்தது. அதன்மேல் நான் உட்கார்ந்தேன். நான் எழுந்தேன், அது எழுந்திருக்கவில்லை.

"போச்சா!" என்றாள் மனைவி.

"கவலைப்படாதே. மூணு பேருக்கும் தனித்தனியா நானே வாங்கிட்டு வர்றேன்."

மனைவி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் தானாக முன்வந்து செலவு செய்கிறேன் என்றால் யாருக்குமே சந்தேகம் வரும்.

"நானும் வரட்டுமா? ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு ரகம். எனக்கு காதை நல்லா மூடறது வேணும். உள்ள ஓடற சத்தம் வெளிய கசிஞ்சா மைக்குல ஏறிடும். வயர் இருக்கணும். வயர் இல்லாததுல சத்தம் கொஞ்சம் பிந்தி வரும்."

"எனக்கு மைக்கோட வேணும்பா" என்றாள் மகள். "எதிரி எந்தப் பக்கமிருந்து வர்றான்னு காலடிச் சத்தத்துலயே தெரியணும்."

"அதுக்கு ஹெட்போன் எதுக்கும்மா? கல்யாணம் பண்ணினா தானா வந்துடும்."

"என்ன சொன்னீங்க?" என்றாள் மனைவி.

"கடை மூடிடப் போறான்னேன்."

"உங்களுக்கு எந்த மாதிரி வேணும்? நான் சொல்லட்டுமா?"

"எனக்கா? நான் சும்மா பாட்டு கேக்கறவன். நானே பாத்துக்கறேன்." சிங்கம்போல் கிளம்பினேன்.

கடைக்காரர் மிகவும் மரியாதையானவர்.

"எதுக்கு சார் வேணும்? பாட்டு கேக்கவா, கேம் விளையாடவா, ரெக்கார்டிங் பண்ணவா?"

"குடும்பம் நடத்த."

அவர் சிரிக்கவில்லை. மணமாகாதவர் போலும்.

மகளுக்கு, வாய்க்கு முன்னால் கொம்புபோல மைக் நீட்டிக்கொண்டிருந்த ஒன்றை எடுத்தார். மனைவிக்கு ஒன்று எடுத்தார். கறுப்பாக, எந்த அலங்காரமும் இல்லாமல், பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருந்தது. எனக்கு அதைப் பார்த்தால் பாவமாக இருந்தது. அப்போதுதான் கண்ணாடிப் பெட்டிக்குள் என் ஹெட்போனைப் பார்த்தேன்.

அது ஹெட்போனா, கிரீடமா? ஒவ்வொரு காதுக்கும் ஒரு சாஸர் அளவு. வெளிப்பக்கம் பூராவும் வெள்ளிக் கம்பிவலை. பாதுகாப்புக்காக வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். லிஃப்ட் ஏறி இறங்குகிற கிணற்றிலும் வலை அடிப்போமே!

"நல்ல தேர்வு சார். இதுல பாட்டு கேட்டா மேடைக்கு முன்னால முதல் வரிசையில உக்காந்த மாதிரி இருக்கும். ஆனா சார், இது ஓப்பன் பேக். பரவாயில்லையா?"

எனக்கு ரோசம் வந்துவிட்டது. "ஏங்க, அவங்க ரெண்டு பேருக்கும் சீல் உடைக்காத பேக், எனக்கு மட்டும் ஓப்பன் பேக்கா? யாரோ பிரிச்சுப் பாத்த டப்பாவை என் தலையில கட்டப் பாக்கறீங்களா?"

"இல்ல சார், புது டப்பாவுல இருக்கறதும் ஓப்பன் பேக்தான்."

"எல்லா டப்பாவையுமா பிரிச்சு வச்சிருக்கீங்க?"

அவர் வாயைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார். உள்ளே போய் சீல் உடைக்காத டப்பா ஒன்றை எடுத்து வந்து, என் கண்முன்னால் ஆட்டிக் காட்டினார். வெற்றி!

கேட்டுப் பார்க்க ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார். மாட்டிக்கொண்டேன். ஆகா! வெளியே தெருவில் லாரி போவது கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்குத் தெரியவில்லை. கடைக்காரர் வெளியே நின்று வாயை வாயை அசைத்தார். ஒரு சொல் கேட்கவில்லை. அந்த அமைதி கண்ணாடி அறை தந்த அமைதி என்று யோசிக்கிற மூளை எனக்கு அந்த நேரத்தில் வேலை செய்யவில்லை. என் கண்முன்னால் மனைவியின் முகம் தோன்றியது. அவளும் வாயை வாயை அசைத்தாள். பில் போடச் சொன்னேன்.

வீட்டில் மூன்று டப்பாக்களும் பிரிக்கப்பட்டன. மகள் துள்ளினாள். மனைவி தன்னுடையதைத் தலையில் மாட்டி, கழற்றி, "சரியா வாங்கிட்டு வந்திருக்கீங்களே!" என்று ஆச்சரியப்பட்டாள். பிறகு என்னுடையதைக் கையில் எடுத்தாள். திருப்பினாள். கம்பிவலையில் ஆள்காட்டி விரலை ஓட்டினாள். வலைக்கு அந்தப் பக்கம் வாயை வைத்து மெதுவாக ஊதினாள்.

"ரொம்ப உயர்ந்ததா இருக்கும் போல. இதைப் போட்டுக்கிட்டா வெளிச்சத்தம் கேக்குமாங்க?"

"இடி விழுந்தாலும் கேக்காது!"

"அப்படியா?"

"இதோ பாருங்க, ரெண்டு பேருக்கும் இப்பவே சொல்லிடறேன். இதை மாட்டிட்டா எனக்கு ஒண்ணுமே கேக்காது. அப்புறம், கூப்பிட்டேன் வரல, கேட்டேன் பதில் சொல்லலன்னு யாரும் குத்தம் சொல்லக் கூடாது."

"ஐயோ, சொல்லவே மாட்டோம்" என்றாள் மனைவி. முகத்தில் அப்படி ஒரு பணிவு! அந்தப் பணிவைப் பார்த்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஆபீஸ் ரூமுக்குள் போனேன். நாற்காலியில் சாய்ந்தேன். மாட்டினேன். ஒரு பழைய காதல் பாட்டைப் போட்டேன். வயலின்கள் எழுந்தன. ஆண் குரல் வந்தது. பெண் குரல் வந்தது. அதற்குப் பின்னால் மிக்ஸி வந்தது.

பாட்டில் மிக்ஸியா?

மிக்ஸி நின்றது. ஹாலிலிருந்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி தெள்ளத் தெளிவாக மனைவியின் குரல்: "அப்பாவுக்கு இனிமே ஒண்ணும் கேக்காதாம்டி."

மகளின் குரல்: "ஆமாம்மா. ஆனா அப்பா கேக்கற பாட்டு இங்க வரைக்கும் கேக்குதே."

சொல்லிவிட்டு அந்தக் காதல் பாட்டின் இரண்டாவது வரியை அவளே பாடினாள்.

மறுநாள் வேலைக்கு நடுவே, ஒரு கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறைக்குள் நின்றுகொண்டு கடைக்குப் போன் போட்டேன்.

"ஹெட்போன் ரிப்பேர்ங்க. வெளிச்சத்தம் எல்லாம் உள்ள வருது. உள்ள ஓடறது வெளிய போகுது."

"அதுதான் சார் ஓப்பன் பேக். பேக்னா டப்பா இல்ல, முதுகு. முதுகுப் பக்கம் திறந்திருக்கும். காத்து வந்து போகும், சத்தமும் வந்து போகும். அதனாலதான் பாட்டு அவ்வளவு விசாலமா இருக்கு. தனியா உக்காந்து கேக்கறவங்களுக்கு அதைவிட நல்லது கிடையாது."

"நான் தனியா இல்லையே! குடும்பஸ்தன்!"

"சொல்ல வந்தேன் சார். நீங்க விடல."

"மாத்திக் குடுப்பீங்களா?"

"காதுல போட்டதைத் திருப்பி எடுக்கறதில்ல சார்."

எடுத்தாலும் என்ன பிரயோஜனம்? ஏன் மாற்றினீர்கள் என்று வீட்டில் கேட்பார்களே! இடி விழுந்தாலும் கேட்காது என்று நானே என் வாயால் சொல்லியாகிவிட்டது. ஒரே வழிதான். கேட்கவில்லை என்று நடித்துவிட வேண்டியது. ஓரக்கண்ணால்கூடப் பார்க்காமல் பாட்டுக்குத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

நடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்று மாலையே தெரிந்தது.

"என்னங்க, பால் பொங்கப் போகுது. கொஞ்சம் அடுப்பை அணைக்கறீங்களா?" குளியலறையிலிருந்து மனைவி.

என் கால்கள் தாமாக எழுந்தன. நான் அவற்றை உட்கார வைத்தேன். தலையை ஆட்டினேன். பால் பொங்கியது. வழிந்தது. கருகியது. வாசனை மூக்கில் ஏறியது. மூக்குக்கும் சேர்த்து ஹெட்போன் வாங்கியிருக்கக் கூடாதா என்று இருந்தது.

மனைவி வெளியே வந்து பார்த்தாள். கோபமே இல்லை. "பாவம், அவருக்கு எப்படிக் கேக்கும்?" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு அடுப்பைத் துடைத்தாள்.

அடுத்த நாள் மழை. "உங்க வெள்ளைச் சட்டை மாடியில நனையுதுங்க." நான் வெள்ளைச் சட்டைக்காக மனதுக்குள் அழுதுகொண்டே தலையை ஆட்டினேன்.

அதற்கும் அடுத்த நாள் அவள் தன் அக்காவோடு போனில் பேசினாள், என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு. "அவரா? தங்கமானவர்க்கா. ஆனா நடிக்கத்தான் வராது. கல்யாணத்தன்னிக்கு நம்ம அப்பா எடுத்துக் குடுத்த கோட்டு பிடிச்சிருக்குன்னு சொன்னப்போ முகம் எப்படி இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?" இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேற்கொண்டு என்ன சொல்கிறாள் என்று கேட்கும் ஆவலில் நான் பாட்டை நிறுத்தினேன். பாட்டு நின்ற அதே வினாடி அவள் குரல் இன்னும் உயர்ந்தது. தற்செயல் என்று நினைத்தேன்.

உச்சக்கட்டம் பிஸ்கட். "ஏய், அப்பா டூல்ஸ் பெட்டியில, ஸ்பேனருக்கு அடியில முந்திரி பிஸ்கட் ஒளிச்சு வச்சிருக்கார். போய் எடுத்துக்கோ" என்றாள் மனைவி. அந்த ரகசியம் எனக்கும் கடவுளுக்கும் மட்டும்தான் தெரியும் என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். தாயும் மகளும் என் எதிரிலேயே உட்கார்ந்து மொறுமொறுவென்று தின்றார்கள். ஒவ்வொரு கடியும் முதல் வரிசையில் உட்கார்ந்த மாதிரி கேட்டது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சாப்பிட்டுவிட்டு ஆபீஸ் ரூமில், ஹெட்போனும் கையுமாக, இல்லை, ஹெட்போனும் தலையுமாக உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தது. முதலில் மனைவி. பின்னால் மகள். அவளுக்குப் பின்னால் பல் டாக்டரும் அவர் வீட்டம்மாவும். எதற்கு இத்தனை ஆள்? நான் வேகமாகப் பாட்டைப் போட்டுத் தலையை ஆட்ட ஆரம்பித்தேன்.

மனைவி எனக்கு எதிரே வந்து நின்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். நாவல் படிக்கும் குரலில், ஒவ்வொரு சொல்லும் மணிமணியாக ஆரம்பித்தாள்.

"என்னங்க, எனக்கு ஒரு முழு நாவல் வந்திருக்கு. இந்த ரூம் கிடைச்சாத்தான் பண்ண முடியும். எடுத்துக்கலாமா? உங்களுக்கு இஷ்டமில்லன்னா இப்பவே முடியாதுன்னு சொல்லிடுங்க. நான் வருத்தப்பட மாட்டேன். டாக்டரும் அவங்க வீட்டம்மாவும் சாட்சி."

என் தலை ஆடிக்கொண்டிருந்தது. சட்டென்று எனக்கு என் நிலைமை புரிந்தது. ஆட்டுவதை நிறுத்தினால், கேட்டுவிட்டது என்று தெரிந்துபோகும். நிறுத்தாமல் ஆட்டினால்…

"ஒரு தரம்" என்றாள் மகள்.

டாக்டர் என்னைப் பார்த்துக் கண்ணால் ஜாடை காட்டினார். 'சொல்லித் தொலைங்க சார்!' எப்படிச் சொல்வது? கருகிய பாலுக்கு யார் பதில் சொல்வது? நனைந்த சட்டைக்கு?

"ரெண்டு தரம்."

தலையைப் பக்கவாட்டில் ஆட்டலாமா என்று ஒரு யோசனை வந்தது. ஆட்டிப் பார்த்தேன். பாட்டின் தாளத்துக்கு அது ஒத்துவரவில்லை. அதற்குள் கழுத்து பழக்கதோஷத்தில் மேலும் கீழும் போக ஆரம்பித்துவிட்டது.

"மூணு தரம்! அப்பா தலையாட்டிட்டார்! எல்லாரும் பாத்தீங்கதானே?"

"பாத்தேன்" என்றார் டாக்டர் வீட்டம்மா. பிறகு கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

"நானும்தான் பாத்தேன்" என்றார் என் நண்பர், கொஞ்சமும் கூச்சமில்லாமல். "எவ்வளவு அழகா ஆட்டறார்! சாருக்குப் பெரிய மனசு."

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேசை போனது. ஃபைல்கள் போயின. கடைசியில் நாற்காலி போனது. அதில் நான் இருந்தேன். சக்கரம் வைத்த நாற்காலி என்பதால் அவர்களுக்குச் சிரமமே இல்லை. டாக்டர் பின்னாலிருந்து தள்ள, மகள் முன்னாலிருந்து வழிகாட்ட, தலையை ஆட்டிக்கொண்டே நான் ஆபீஸ் ரூமை விட்டு ஊர்வலமாக வெளியேறினேன். ஹாலில், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தினார்கள்.

சுவரெங்கும் முட்டை அட்டை மாதிரி பஞ்சு ஒட்டினார்கள். மைக் உள்ளே போனது. 'பதிவு நடக்கிறது, சத்தம் கூடாது' என்று கதவில் ஒரு பலகை ஏறியது. அந்த அறையிலிருந்து எந்தச் சத்தமும் வெளியே வரவில்லை. என் குறட்டை வெளியே வந்ததற்குக் காரணம் அறை இல்லை, நான்தான் என்று அப்போது விளங்கியது.

சில வாரங்கள் கழித்து ஒரு நாள் சாயங்காலம் மனைவி என்னை உள்ளே கூப்பிட்டாள். ஹெட்போன் மாட்டாத நேரம் பார்த்துத்தான் கூப்பிட்டாள். நாவலின் கடைசி அத்தியாயம் முடிந்திருந்தது. தன்னுடைய கறுப்பு ஹெட்போனை என் தலையில் மாட்டி, "கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க" என்றாள்.

உலகம் அணைந்தது. நான் தேடிப்போன அமைதி அந்த வாத்தியார் ஹெட்போனுக்குள்தான் இருந்தது. அந்த அமைதிக்குள் அவள் குரல் வந்தது. ஒரு கிழவர் தன் மகனை ரயிலேற்றிவிட்டுத் திரும்பி நடக்கிறார். அவ்வளவுதான் காட்சி. கிழவர் ஒரு சொல்கூடப் பேசவில்லை. ஆனால் அவர் மூச்சு வாங்குவது, நின்று திரும்பிப் பார்ப்பது, மறுபடி நடப்பது, எல்லாம் அவள் குரலில் இருந்தது. இத்தனை வருடமாகச் சோப்பு தீர்ந்ததா, பால் பொங்கியதா என்று கேட்ட அதே குரலா இது? அலமாரிக்குள் துணிகளுக்கு நடுவே வியர்த்து வழிந்துகொண்டு இதையா பழகிக்கொண்டிருந்தாள்?

ஹெட்போனைக் கழற்றினேன்.

"ரொம்ப நல்லா இருக்கும்மா. நிஜமா. அன்னிக்கு நான் இந்த ரூமைக் குடுத்தது தப்பே இல்ல."

"குடுத்தீங்களா?"

"ஆமாம். அன்னிக்கு நீ நின்னு கேட்டியே, அவ்வளவு பேருக்கு முன்னால…"

"கேட்டேன். ஆனா உங்களுக்குத்தான் இடி விழுந்தாலும் கேக்காதே?"

சுவரில் ஒட்டிய பஞ்சை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தேன்.

"எப்பத்திலேருந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"டப்பாவைப் பிரிச்ச அன்னிக்கே. வலையில ஊதினேனே, காத்து இந்தப் பக்கம் வந்துச்சு. ஏங்க, நாள் பூரா ஹெட்போன் போட்டு உக்காந்திருக்கறவ நான். எனக்கே காது குத்தப் பாத்தீங்களே!"

"அப்ப பால்?"

"சும்மா பாத்தேன், எந்திரிப்பீங்களான்னு."

"சட்டை?"

"அது பழைய சட்டை. புதுசை முன்னாடியே எடுத்து வச்சுட்டேன்."

கதவிடுக்கில் மகளின் தலை தெரிந்தது. "அப்பா, ஒத்துக்கிட்டீங்களா? என் டீம்ல எல்லாரும் தினம் கேக்கறாங்க, அங்கிள் எப்ப ஒத்துக்குவார்னு."

ஆக, நான் முகம் பார்த்திராத ஒரு படையே எனக்காகக் காத்திருந்திருக்கிறது.

மனைவிக்கு என்னைப் பார்த்தால் பாவமாக இருந்திருக்க வேண்டும். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கோவமா? கேளுங்க, ஒரு நல்ல சேதி. பதிப்பகத்துல அடுத்த நாவலும் எனக்கே குடுத்துட்டாங்க. அதுல ஒரு முக்கியமான ஆம்பளைப் பாத்திரம். இந்தத் தடவை அதுக்கு நிஜமான ஆம்பளைக் குரல்தான் வேணும்னு சொல்றாங்க. நான் உங்க பேரைச் சொல்லியிருக்கேன்."

நான் நிமிர்ந்தேன். தோள் விரிந்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"என்ன பாத்திரம்? கதாநாயகனா?"

"கதாநாயகியோட புருஷன். கதை பூரா வர்றார்."

"அப்ப வசனம் ஏராளமா இருக்குமே! ஒத்திகை பாக்க வேண்டாமா? இந்த மாதிரி ஆழமா எடுக்கணுமா, இல்ல இப்படிக் கம்பீரமா…" என்று நான் இரண்டு விதமாகக் கர்ஜித்துக் காட்டினேன்.

"அதெல்லாம் எதுக்குங்க? அந்த அம்மா பேசப் பேச, அவர் 'ம்'னு மட்டும்தான் சொல்வார். வேற வசனமே கிடையாது. உங்களால முடியும்தானே?"

எனக்கு நிறையச் சொல்லத் தோன்றியது. வாயைத் திறந்தேன். என் குரலுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? நான் என்ன தலையாட்டி பொம்மையா? இதற்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்! எல்லாம் நுனி நாக்கு வரைக்கும் வந்தது.

"ம்" என்றேன்.

அவள் கையை நீட்டிப் பதிவு எந்திரத்தில் ஒரு பொத்தானை அமுக்கினாள். அதுவரை எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கு அணைந்தது.

"பிரமாதம்ங்க. ஒரே டேக்!"